ஏழு மணிச் சத்தம்

பெங்களூர்
2-9-1996

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பேர். என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் பக்கத்துக் கட்டில்காரியின் பெட்டி அந்தப் பக்கமாக வெளியே வருகிறது. நான் வாசிக்கிற சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு வராதது நல்லதாய்ப் போயிற்று. வார்டன் அறையில் ஒரு போன் இருக்கிறது. அதை அவசரச் செய்திக்கு மட்டும்தான் தொடலாமாம். அவசரம் என்றால் சாவு என்று அர்த்தம் என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். ஆகவே கடிதம்தான்.

கிளம்பும்போது சொன்னதையே திரும்ப எழுதுகிறேன். அப்போது நீங்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தீர்கள், காதில் விழுந்திருக்காது.

அந்தச் சிந்தசைசருக்கு ஞாபகம் கிடையாது மாமா. நான் வாசித்த இசைக்குழுவின் மாஸ்டர் வாங்கியிருக்கும் புது கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின் வரும், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல் வரும். பழசு வேண்டாம் என்று அவர் என்னிடம் தள்ளிவிட்ட இதில் அப்படி எதுவும் இல்லை. முன்பக்கம் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் எந்த இடத்தில் நிற்கின்றனவோ, அதுதான் சத்தம். ஒன்று நகர்ந்தாலும் அந்தச் சத்தம் போனது போனதுதான்.

மில்லில் இருபது வருஷம் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின் பக்கத்தில் நின்று அம்மாவின் காது போனது உங்களுக்குத் தெரியும். நான் அந்தக் குமிழ்களோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி, அம்மாவுக்குக் கேட்கிற ஒரே ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தேன். நான் வாசித்தபோது அம்மா தலையாட்டியதை நீங்களும்தான் பார்த்தீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலைக்கு வரவே மனம் வந்தது.

எனவே: தினமும் மாலை ஆறரைக்கு சுவிட்சைப் போடுங்கள். அது சூடேறினால்தான் சுருதி நிற்கும். சரியாக ஏழு மணிக்கு, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிற கட்டையை அமுக்குங்கள். செல்வி கூப்பிடுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். குமிழ்களைத் தொடாதீர்கள். மாயக்காள் அத்தையையும் தொட விடாதீர்கள்.

அன்புடன்,
அறிவுச்செல்வி


சடையாண்டி ஒலி-ஒளி அமைப்பகம்
சேவுகம்பட்டி
12-9-1996

பெங்களூர் மாநகரையே தன் காலடியில் கிடத்தியிருக்கும் மருமகள் செல்விக்கு, மைக் செட் மன்னன், குழல் ஒலிபெருக்கிக் கோமான், உன் தாய்மாமன் சடையாண்டி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்த அன்று சேவுகம்பட்டிக் கடைவீதியில் ஒரு கடை கூடத் திறக்கவில்லை. அன்று கடையடைப்பு என்பது வேறு விஷயம்.

நான் முறுக்கு தின்றது உண்மை. அந்த முறுக்கு கடித்த சத்தத்தில் உன் பேச்சு கேட்கவில்லை என்பதும் உண்மை. உன் அத்தை சுட்ட முறுக்கைக் கடித்தால் கல் குவாரிக்காரர்கள் வேட்டு வைத்ததாக நினைத்து ஓடுகிறார்கள். ஆனால் உன் கட்டளைகளை இப்போது கல்வெட்டாக மனத்தில் பொறித்துவிட்டேன்.

அந்த மிஷினுக்கு நான் 'மகாராணி' என்று பட்டம் சூட்டியிருக்கிறேன். என்ன பவிசு! அரை மணி நேரம் சூடேற்றினால்தான் வாயைத் திறக்கிறாள். ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் கொடுக்கிறாள். இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால் ஒன்றைக் கண்டுகொள்வதே இல்லை. இந்த வீட்டில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயை மூடுவது இதுவே முதல் தடவை. ஞாபகம் இல்லாதவள் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகிறது.

ஆறரைக்குச் சுவிட்ச். ஏழுக்குப் பொட்டு வைத்த கட்டை. நான் அமுக்கினால் அந்தச் சத்தம் நம் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போய், சிறுமலையில் மோதி, அங்கே காய்த்துத் தொங்கும் வாழைத்தாரையெல்லாம் பழுக்கவைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஊசி மாதிரி சத்தம். எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அமுக்கியதும் தலையாட்டுவாள். சிரிப்பாள். "செல்வி சாப்ட்டாளான்னு கேளு" என்பாள். அது ஒரு வழிப் பாதைக்கா, இங்கேயிருந்து கேட்க முடியாது என்று நானும் தினமும் சொல்கிறேன்.

கவலையை விடு. உன் குமிழ்களுக்கு நான் காவல். ஈ உட்கார்ந்தாலும் அனுமதிச் சீட்டு கேட்கிறேன்.

இங்ஙனம்,
சடையாண்டி மாமன்


பெங்களூர்
3-10-1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் இருக்கிற மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு டெலிபோன் தொழிற்சாலையில் டெஸ்டிங் பெஞ்சில் வேலை. தயாராகி வருகிற ஒவ்வொரு டெலிபோனிலும் சத்தம் எந்த அளவுக்கு ஏறுகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் பயிற்சிக் காலம். அது முடியும்வரை லீவு கேட்டு வாயைத் திறக்கவே கூடாது. தீபாவளிக்கும் வர முடியாது. முடிந்தால் நிரந்தரம் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

இரண்டாவது ஷிப்டு என்றால் ஏழு மணிக்குப் பெஞ்சில்தான் இருப்பேன். சுவர்க் கடிகாரத்தில் முள் நேராவதைப் பார்ப்பேன். இப்போது மாமா அமுக்குவார், இப்போது அம்மா தலையாட்டுவார் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் அடுத்த டெலிபோனை எடுப்பேன். அந்த ஒரு நிமிஷம் இல்லையென்றால் இந்த ஊரில் என்னால் இருக்க முடிந்திருக்காது.

ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு உங்கள் கடையில் போட்டோ எடுப்பீர்கள் அல்லவா? அப்போது அம்மாவைச் சிந்தசைசர் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
செல்வி


சேவுகம்பட்டி
28-10-1996

மருமகளே,

ஆயுத பூஜை இந்த வருஷம் எப்படி நடந்தது என்று எழுதப் பேனா போதாது. பத்துக் குழாய், நான்கு ஆம்ப்ளிபயர், அடிச் சத்தத்தில் தரையையே அதிரவைக்கும் இரண்டு பேஸ் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரிகடலை வாங்க வந்த கூட்டம் வத்தலக்குண்டு வரை நின்றது. பூசணிக்காய் உடைத்தபோது தெறித்த ஒரு துண்டு திண்டுக்கல் மலைக்கோட்டையில் போய் விழுந்ததாகத் தகவல்.

அப்புறம் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஒரு விளம்பரத்துக்கு மைக் கட்டப் போனேன். அங்கே ஒரு கிடா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போன பிறவியில் அது எனக்குக் கடன்பட்டிருக்க வேண்டும். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் மைக்கில் வாயை வைத்து 'மே' என்று ஒரு சத்தம் போட்டது. சந்தையில் இருந்த அத்தனை ஆடும் பதில் சொல்லின. வியாபாரிகள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய் இவன் விரலை அவன் கொண்டுபோய்விட்டான்.

மழை ஆரம்பித்திருக்கிறது. தக்காளி விலை இறங்கியிருக்கிறது. உன் அத்தை நலம். பக்கத்து எஸ்.டி.டி. பூத் முகமது பாரூக் நலம். அவர் வளர்க்கும் கோழியும் நலம்.

அக்கா நலம். ஏழு மணி, தலையாட்டல், எல்லாம் வழக்கம்போல். நீ கேட்ட போட்டோவை மரியசெல்வம் ஸ்டூடியோவில் கழுவி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அக்கா சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் பார். மற்றதை எல்லாம் ரொம்ப உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமன்


பெங்களூர்
4-11-1996

மாமா,

ஆட்டைப் பற்றி ஒரு பக்கம், அம்மாவைப் பற்றி இரண்டு வரி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

போட்டோவை உற்றுப் பார்த்தேன். அம்மா சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் என் சிந்தசைசர். குமிழ்கள் எல்லாமே கீழே, ஒரே வரிசையில், அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். அத்தை துடைத்து அழகாக நேராக்கி வைத்திருக்கிறார்கள். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் தையல் மிஷினுக்கும் அருவாமனைக்கும் செய்கிற மரியாதையை இதற்கும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் மாமா, அந்த வரிசையில் கடைசிக் குமிழ் வால்யூம். அதுவும் அடியில் இருக்கிறது. அதை அப்படி வைத்தால் எந்தக் கட்டையை அமுக்கினாலும் காற்று கூட வராது.

பூஜை இருபதாம் தேதி. உங்கள் கடிதம் இருபத்தெட்டாம் தேதி. 'ஏழு மணி, தலையாட்டல், வழக்கம்போல்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இத்தனை நாளும் அம்மா எதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சிறுமலை வேண்டாம், கிடா வேண்டாம்.

செல்வி


சேவுகம்பட்டி
9-11-1996

செல்வி,

நீ கேட்டபடி சிறுமலை இல்லை, கிடா இல்லை. வெறும் சடையாண்டி மட்டும்.

பூஜைக்கு மறுநாள் ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழு மணிக்குப் பொட்டு வைத்த கட்டையை அமுக்கினேன். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினேன். இல்லை. மகாராணி செத்துப்போனாள், மருமகளுக்கு என்ன சொல்வேன் என்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். குமிழ் கீழே இருப்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பதற்றத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "செல்வி சாப்ட்டாளான்னு கேளு" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். காது கேட்காதவள் முகத்தைப் படிப்பதில் எம்.ஏ. படித்தவள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னடா, ஊமையாப் போச்சா அது?" என்றாள்.

"ஆமாக்கா. இன்னைக்குச் சத்தமே வரல."

என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்புறம், "செல்விக்கிட்டச் சொல்லிராத" என்றாள்.

"எத்தன நாளாக்கா கேக்கல?"

"என்னைக்குக் கேட்டுச்சு? அதும் மொகத்தப் பாத்தேன். குமிழத் தள்ளித் தள்ளி, என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்குது. சாப்பாடு தண்ணி இல்லாம மூணு மாசம். ஒருநா தலைய ஆட்டுனேன். அம்புட்டுத்தான். பிள்ளைக்கு மொகம் பூரிச்சுப் போச்சு. கேக்கலன்னு சொன்னா அது பெங்களூரு கெளம்புமா? நம்ம ஆத்தா தனியாக் கெடப்பாளேன்னு என்னைய மாதிரி மில்லுலயே போயி நிக்கும். எங்காதும் போயி, அதுங்காதும் போகணுமாடா?"

நான் சுவிட்சை அணைத்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் ஏழு மணிக்கு அவள் கட்டிலில் வந்து உட்காருகிறாள். நான் அமுக்குகிறேன். சத்தமும் இல்லை, தலையாட்டலும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறோம். 'வழக்கம்போல்' என்று உனக்கு எழுதியது பொய். அக்கா சொல்லச் சொன்ன பொய் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

தீபாவளிக்கு உனக்கு அதிரசம் அனுப்பியிருக்கிறாள். கோபத்தில் அதைத் தின்னாமல் விட்டுவிடாதே.

மாமன்


பெங்களூர்
16-11-1996

மாமா,

அதிரசம் வந்தது. அறையில் மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. அம்மா மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் பெரிய தொல்லையாக இருக்கிறது. கோபப்பட ஒருவர் வேண்டுமே, அதனால் உங்கள் மேல் படுகிறேன். என் சத்தத்தை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டேன்! கூர்மையாக இருந்தால்தான் உள்ளே இறங்கும் என்று நினைத்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனேன். எனக்கே காது வலித்தது. அம்மா தலையாட்டிய அன்று குழுவில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது ஏழு மணி ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பார்த்து என்ன? அங்கே நீங்கள் ஊமை மிஷினை அமுக்குவீர்கள், அம்மா சுவரைப் பார்ப்பார்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன். எதுவுமே கேட்காத ஒருவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, இங்கே ஊரார் பேசுவதற்கு டெலிபோன் சோதித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. திண்டுக்கல்லில் ஏதாவது கிடைக்கும். மில்லாக இருந்தாலும் சரி.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இதுவாவது உங்களால் முடியும். மறைப்பதில் உங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் இல்லை.

செல்வி


சேவுகம்பட்டி
23-11-1996

செல்வி, ஆத்தா,

கடிதத்தைக் கொடுத்துவிடாதே. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கொடுத்துவிட்டாயானால் திரும்பப் பிடுங்கு. இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தில் மிகை இல்லை.

வியாழக்கிழமை இங்கே பெய்த மழையில் நம் தெருவே கண்மாயாகிவிட்டது. (மிகை இல்லை என்றேனே. சரி, கணுக்கால் அளவு தண்ணீர்.) வீட்டுக்குள் ஏறியது. கடையில் இருந்த சாமான்களை எல்லாம் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அக்காவின் நார்க்கட்டில் கால் நனையாமல் இருக்க, இரண்டு பேஸ் பாக்ஸையும் படுக்கப்போட்டு, கட்டிலை அதன் மேல் தூக்கிவைத்தேன். அக்கா ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யானை மேல் அம்பாரி மாதிரி இருந்தது.

சாமானெல்லாம் நனைந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொன்றாக ஒயர் மாட்டிச் சோதித்தேன். கடைசியில் மகாராணியைக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பாக்ஸோடு மாட்டினேன். நீ வால்யூம் என்று எழுதியிருந்த கடைசிக் குமிழை மேலே தள்ளினேன். மற்றது எது என்னவென்று எனக்கு எங்கே தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிரண்டைத் தொட்டேன். பொட்டு வைத்த கட்டை நினைவுக்கு வரவில்லை, இடது கோடியில் இருந்த கட்டையை அமுக்கினேன்.

கொர்ர்ர்ர் என்றது. உன் சத்தம் ஊசி என்றால் இது உரல். உன் அத்தை அடுப்படியில் அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தன. "ஏய், வீடு இடியுதுய்யா!" என்று அவள் கத்தினாள். நான் கையை எடுக்கப் போனேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

கவனி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் கை அவளுக்குத் தெரியாது, என் முகமும் தெரியாது.

"ஏலே சடையா, எவன்டா பிரேம ஓட்டுறது?" என்றாள்.

கையை எடுத்தேன்.

"நின்னுருச்சு" என்றாள்.

மறுபடி அமுக்கினேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஓடுது" என்றாள். எடுத்தேன். "நின்னுருச்சு." அப்புறம் அவளே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இப்ப என்னைய ஏமாத்துடா பாப்போம்" என்றாள். நான் என் வாழ்நாளில் கற்ற தில்லுமுல்லு எல்லாம் செய்தேன். சும்மா உட்கார்ந்தேன். சட்டென்று அமுக்கினேன். பாதியில் எடுத்தேன். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. உன் அத்தை கையில் கரண்டியோடு நின்று அழுதாள்.

ஒன்று சொல்லட்டுமா? அக்கா தலையாட்டவே இல்லை. சிரிக்கவும் இல்லை. என் தலையில் ஓங்கி ஒன்று வைத்து, "இத முன்னாலயே செஞ்சா என்னடா, வெளங்காதவனே!" என்றாள். நிஜமாகக் கேட்டால் மனுஷர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் போல.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள், "செல்வி வாசிச்சது இதா?"

"இல்லக்கா. அது மேல எங்கயோ இருந்துச்சு."

"அப்ப இதுதான்னு அதுக்கிட்டச் சொல்லு."

அதனால் சொல்கிறேன். இதுதான். குமிழ்கள் நின்ற இடத்தில் உன் அத்தை நகப் பாலீஷால் புள்ளி வைத்துவிட்டாள். குங்குமம் வைத்த பாவத்துக்குப் பரிகாரமாம்.

ராஜினாமாவைக் கிழி.

மாமன்


பெங்களூர்
2-12-1996

அன்புள்ள மாமாவுக்கு,

கிழித்துவிட்டேன். கொடுக்க எடுத்துப்போன அன்று காலையில்தான் உங்கள் கடிதம் வந்தது. கிழித்ததை வார்டன் அறைக் குப்பைக்கூடையில் போட்டேன். உங்களுக்கு ஆதாரம் வேண்டுமானால் துண்டுகள் இன்னும் கிடக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். மில் இரைச்சல் முதலில் தின்பது மேல் சத்தத்தைத்தான். அடிச் சத்தம் கடைசிவரை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதுவும் காதால் மட்டும் இல்லை, எலும்பு வழியாகவும் ஏறும். நான் மூன்று மாதம் எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறேன். என்னைத் திருப்ப, மழை வந்து கட்டிலைத் தூக்க வேண்டியிருந்தது.

இனி நான் கேட்பதைச் செய்ய முடியுமா? அம்மா கேட்கிற அந்தச் சத்தத்தை நானும் கேட்க வேண்டும். பதினைந்தாம் தேதி ஞாயிறு, மாலை ஏழு மணிக்கு, இங்கே ஓர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாரூக் அண்ணன் பூத்துக்கு நான் பேசுகிறேன். சிந்தசைசரும் பாக்ஸும் அங்கே இருக்க வேண்டும். அம்மாவே கட்டையை அமுக்க வேண்டும். நீங்கள் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல். டெலிபோன் கம்பி அடிச் சத்தத்தைக் கடத்தாது. தினமும் நான் அளந்து பார்ப்பதே அதைத்தான். அம்மாவுக்குக் கேட்பது அப்படியே வந்தால் எனக்கு எதுவும் கேட்காது. ஆகவே இடமிருந்து மூன்றாவது குமிழை, அது மட்டும், நடு வரைக்கும் மேலே தள்ளுங்கள். அதே சத்தத்துக்கு மேலே ஒரு ரம்பப் பல் முளைக்கும். அம்மாவுக்கு அது தேவையில்லை, தொந்தரவும் இல்லை. எனக்குத் தேவை.

அத்தையின் நகப் பாலீஷ் புள்ளிகள் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
செல்வி


பெங்களூர்
15-12-1996

அன்புள்ள மாமாவுக்கு,

பூத்திலிருந்து நேரே வந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குரல்தான் கேட்டது. போன் இல்லாமலே கேட்டிருக்கும். அப்புறம் பாரூக் அண்ணன் யாரையோ தள்ளி நில்லுங்கள் என்றார். கோழி கத்தியது. கரகரப்பு. பிறகு எல்லோரும் ஒன்றாய் வாயை மூடியது போல ஓர் அமைதி.

அதற்குப் பிறகு வந்தது. தகரத்தில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி மெலிசான, பிசிறடிக்கிற ஒரு சத்தம். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, சூடேறப் போதிய நேரம் விடவில்லை நீங்கள். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டாம்.

அம்மா அமுக்கிய அந்த ஒரு கட்டையில் அடிப்பாதி அம்மாவுக்குப் போனது. மேல்பாதி எனக்கு வந்தது. அம்மாவுக்குக் கேட்டது எனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது அம்மாவுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் ஒரே சத்தம்.

எனக்குக் கேட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

செல்வி


சேவுகம்பட்டி
21-12-1996

பெங்களூர் டெலிபோன்களின் பேரரசி, மருமகள் செல்விக்கு,

மீண்டும் மிகைக்கு அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உன் அம்மாவை நார்க்கட்டிலோடு கடைவீதிக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனோம். நான்கு பேர் சுமந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். "ஏலே, நான் இன்னும் சாகலடா, எறக்குங்கடா!" என்று அக்கா வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள் பயந்து, பிறகு சிரித்து, பிறகு கூடவே வந்தார்கள். பூத் வாசலில் பாக்ஸைக் கிடத்தி, அதன் மேல் கட்டில், கட்டில் மேல் அக்கா, அக்கா மடியில் மகாராணி. மதுரைத் தேர் கூட இவ்வளவு அழகாக நின்றதில்லை. வத்தலக்குண்டு பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "எந்தக் கட்சிக் கூட்டம்ணே?" என்றார்.

நீ கூப்பிட்டாய். நான் ரிசீவரை மகாராணி வாயருகே நீட்டிக்கொண்டு, கூட்டத்தை அடக்க அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். அக்கா அமுக்கினாள். பாரூக் பூத் கண்ணாடி அதிர்ந்தது. கோழி அன்றிலிருந்து முட்டை போடவில்லை, நஷ்டஈடு கேட்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் உன் கடிதம் வந்தது. அக்கா முன்னால் உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, வரி வரியாகச் சொன்னேன். அடிப்பாதி, மேல்பாதி எல்லாம் கையால் அளந்து காட்டினேன். கடைசியில், "அவளுக்குக் கேட்டுச்சாம்க்கா" என்றேன்.

தலையாட்டுவாள் என்று பார்த்தேன். ஆட்டவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கேட்டுச்சுன்னுதான் சொல்லும்" என்றாள். "எம்மகதான அது."

"ஐயோ, நெஜமாக்கா!"

"நானுந்தான் நெஜமாத் தலையாட்டுனேன். அம்புட்டு நாளும் நீங்க நம்பல?"

உன் அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிக்கிறாள். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள்.

"எத்தன தடவ அமுக்குனேன்னு கேளு. நெஜமாக் கேட்டிருந்தா சொல்லட்டும்."

எத்தனை என்று எனக்கும் தெரியாது, நான்தான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. பாரூக்கைக் கேட்டால் பதினெட்டு என்கிறார், டிரைவரைக் கேட்டால் ஒன்று என்கிறார். விடை உன் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாள். இரண்டு நாளாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். நான் இன்னும் கடிதமே போடவில்லைக்கா என்றால் கேட்கவில்லையாம். அதுமட்டும் வசதியாகக் கேட்காது.

சீக்கிரம் எழுது. தப்பாக எழுதித் தொலைத்தால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

மாமன்


(அஞ்சலட்டை)

பெங்களூர்
26-12-1996

மாமா,

அம்மாவிடம் சொல்லுங்கள்: நான்கு தடவை. முதல் மூன்றும் சின்னதாக, தொட்டுத் தொட்டு எடுத்த மாதிரி. நான்காவதில் விரலை எடுக்கவே இல்லை. இங்கே பூத்காரர் கண்ணாடியைத் தட்டும்வரை நானும் போனை வைக்கவில்லை.

சாப்பிட்டேன் என்றும் சொல்லுங்கள்.

செல்வி